ஒழுங்கைக்கு ஒரு பாட்டு: இளைப்பாறிய சங்கீத ஆசிரியை ஒருவரும் அவருடைய ஊரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கில் பிறந்து, அரசாங்கப் பாடசாலைகளில் கர்நாடக சங்கீதம் கற்பித்து இளைப்பாறிய ஓர் ஆசிரியைக்கும் அவருடைய ஊருக்கும் உள்ள உறவை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. பிறந்த ஊரிலேயே படிப்பித்து, அங்கேயே முதுமையைக் கழிக்கும் ஆசிரியர்கள் குடாநாட்டில் பலர் உண்டு. இவருடைய கதையைத் தனியே எடுத்துப் பார்க்க வைப்பது, இடையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஊருக்குள் எவரும் கால்வைக்க முடியாதிருந்தமையே. 1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியதும் வலிகாமம் வடக்கின் கிராமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாயின. பலாலிப் படைத்தளத்தைச் சூழ்ந்த பெரும்பரப்பு உயர் பாதுகாப்பு வலயமாகி, 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னரும் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டது. மண் இல்லாத அந்தக் காலத்தில் ஊர் எதைப் பற்றிக்கொண்டு ஊராக இருந்தது, அதில் ஒரு சங்கீத ஆசிரியையின் பங்கு என்ன என்பனவே இங்கு எழுப்பப்படும் கேள்விகள்.

ஆசிரியையின் பெயரும் ஊரின் பெயரும் இங்கே தவிர்க்கப்படுகின்றன. அவர் சொன்னவை, அவரிடம் படித்தவர்கள் சொன்னவை, அவர் கைப்பட எழுதி வைத்திருக்கும் பாட்டுக் கொப்பிகள் ஆகிய மூன்றும் இந்த எழுத்துக்கு ஆதாரங்கள். மூன்றும் ஒன்றோடொன்று முரண்பட்ட இடங்களில் பெரும்பாலும் கொப்பிகளின் பக்கமே சாய்ந்திருக்கிறேன்.

பயிற்சியும் நியமனமும்

அவர் பிறந்த வீட்டில் சங்கீதம் பரம்பரைச் சொத்தாக இருக்கவில்லை. தகப்பனார் தோட்டக்காரர்; கோயிலில் கந்தபுராணம் படிக்கும் வழக்கமுள்ளவர். யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களில் புராணபடனம் என்பது ஒருவர் செய்யுளை இசையோடு படிக்க, இன்னொருவர் பொருள் சொல்லும் ஏற்பாடு. செய்யுளைச் சீர் பிரித்து, இராகத்தில் அமர்த்திப் படிப்பதற்குச் சங்கீத ஞானம் வேண்டும்; ஆனால் அதைப் படிப்பவர்களில் பலர் தம்மைப் பாடகர் என்று எண்ணுவதில்லை. இந்தப் பின்னணியிலிருந்துதான் அவர் மருதனார்மடத்துக்குப் படிக்கப் போனார். அங்கே 1960இல் தொடங்கப்பட்ட இராமநாதன் அக்கடமியில் மகாராஜபுரம் சந்தானம் போன்ற தமிழ்நாட்டு வித்துவான்கள் அதிபராக இருந்து கற்பித்திருக்கிறார்கள். 1975இல் அந்நிறுவனம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்துடன் இணைக்கப்பட்டது. ஆசிரியை அதற்கு முந்திய ஆண்டுகளின் மாணவி. அதோடு, 1931இல் தொடங்கிய வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளையும் படிப்படியாக எழுதி ஆசிரியர் தரத்தில் சித்தியடைந்தார். குடாநாட்டில் சங்கீத ஆசிரியராக வர விரும்பிய ஒருவருக்கு அக்காலத்தில் திறந்திருந்த முதன்மையான வழிகள் இவ்விரண்டுமே.

முதல் நியமனம் மலையகத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கிடைத்தது. வடக்கிலிருந்து புதிதாக நியமனம் பெறும் ஆசிரியர்கள் தூரப் பிரதேசங்களில் சில ஆண்டுகள் பணியாற்றுவது வழக்கமானதே என்பதால் அந்த ஆண்டுகளைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. இடமாற்றம் கிடைத்து ஊர்ப் பாடசாலைக்கு வந்த நாளிலிருந்துதான் கொப்பிகள் தொடங்குகின்றன.

இலங்கைப் பாடசாலைகளில் சங்கீதம், சித்திரம், நடனம் போன்ற அழகியல் பாடங்களில் ஒன்றை மாணவர் தெரிவு செய்து க.பொ.த. சாதாரண தரம் வரை படிக்கலாம். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கிடைக்கும் மதிப்பு இவற்றுக்கு வீட்டிலும் கிடைப்பதில்லை, ஆசிரியர் அறையிலும் கிடைப்பதில்லை. ஆனாலும் காலைப் பிரார்த்தனை, வாணி விழா, பரிசளிப்பு விழா, நால்வர் குருபூசை, தமிழ்மொழித் தினப் போட்டி ஆகிய எல்லாவற்றுக்கும் முதலில் தேடப்படுபவர் சங்கீத ஆசிரியைதான். இந்த இரட்டை நிலையை அவர் நன்றாக விளங்கிக்கொண்டிருந்தார். நேரசூசியில் வாரத்துக்குச் சில பாடவேளைகளே கிடைத்தபோதும், பாடசாலைக்கும் ஊருக்கும் பொதுவான நாட்காட்டி முழுவதும் தம் கையில் இருப்பதை அவர் கண்டுகொண்டார். சித்திரைச் சதயத்தில் அப்பர், வைகாசி மூலத்தில் சம்பந்தர், ஆனி மகத்தில் மாணிக்கவாசகர், ஆடிச் சுவாதியில் சுந்தரர், அதன்பின் நவராத்திரி, கந்தசஷ்டி, திருவெம்பாவை என்று கொப்பியில் மாதங்கள் வரிசையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே பாட்டின் முதலடி, பண், இராகம், பாடும் பிள்ளையின் பெயர் என்பன குறிக்கப்பட்டுள்ளன. "சொற்றுணை வேதியன்" என்பதற்கு எதிரே காந்தாரபஞ்சமம், கேதாரகௌளை என்று எழுதி, அதன் கீழே "இரண்டாம் ஒழுங்கைப் பெட்டை, மூச்சுப் போதாது" என்று ஒரு குறிப்பு இருக்கிறது (ஒழுங்கை என்பது ஊரின் சிறு தெரு). இந்த வகைக் குறிப்புகள்தான் கொப்பிகளின் உண்மையான பெறுமதி.

ஒழுங்கைகளின் பங்கீடு

மார்கழியில் திருவாதிரைக்கு முந்திய நாட்களில் நடைபெறும் திருவெம்பாவைப் பூசை யாழ்ப்பாணத்து ஊர்களின் ஆண்டு வாழ்வில் தனி இடம் உடையது. விடியுமுன் இளைஞர்கள் சங்கு ஊதிச் சேமக்கலம் அடித்து ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்று ஊரை எழுப்புவார்கள். கோயிலில் திருவெம்பாவையின் 20 பாடல்களும் ஒவ்வொன்றாகப் பாடப்பட, ஒவ்வொரு பாடலுக்கும் தீபாராதனை நடைபெறும். ஆசிரியை ஊருக்கு வருமுன் இந்த 20 பாடல்களையும் முதிய ஆண்கள் இரண்டொருவரே பாடிவந்தனர். அவர்களில் ஒருவர் நோய்வாய்ப்பட்ட ஆண்டில் கோயில் நிர்வாகம் ஆசிரியையிடம் வந்தது. அவர் தாமே பாட ஒப்புக்கொள்ளவில்லை. ஒழுங்கைக்கு ஒரு பாட்டு என்று பிரித்துக் கொடுத்தார். ஊரில் 20 ஒழுங்கைகள் இல்லாததால் நீண்ட ஒழுங்கைகளுக்கு இரண்டு பாடல்கள் கிடைத்தன. அதைப் பற்றி ஒரு சச்சரவும் வந்ததாம். ஒவ்வொரு ஒழுங்கையிலும் பாடக்கூடிய ஒரு பிள்ளையைத் தெரிந்து, பயிற்றி, அந்தப் பிள்ளை திருமணமாகியோ படிக்கவோ போனால் அடுத்த பிள்ளையைத் தெரிவது ஆசிரியையின் பொறுப்பாயிற்று.

என் கணிப்பில், இந்த வழக்கின் அச்சாணி இந்தப் பங்கீடே. தாமே பாடியிருந்தால் ஊருக்கு ஒரு நல்ல பாடகி கிடைத்திருப்பார். அவர் போனதும் பாட்டும் போயிருக்கும். பிரித்துக் கொடுத்ததால் பாட்டு ஒரு கடமையாகியது. கடமையுள்ள வீடு தன் முறை வரும்போது வந்தே ஆகவேண்டும். வராவிட்டால் 20 பாடல்களில் ஒன்று விடுபட்டு, தீபாராதனை தடைப்பட்டு நிற்கும். தமிழ்நாட்டுப் பெருங்கோயில்களில் ஓதுவார் என்ற பணியிடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் சிறு கோயில்கள் பெரும்பாலானவற்றில் பஞ்சபுராணம் பாடுபவர் அடியார்களில் ஒருவரே. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்ற வரிசையைத் தெரிந்த எவரும் முன்வந்து பாடலாம். அந்த வழக்கம் முன்பே இருந்ததால்தான் ஆசிரியையின் ஏற்பாடு ஊருக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

ஆனால் "எவரும்" என்ற சொல்லுக்கு எல்லை இருந்தது. இதே வலிகாமம் வடக்கில்தான் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. ஆசிரியையின் முதல் பங்கீட்டுப் பட்டியலில் ஊரின் தெற்கு ஓரத்துக் குடியிருப்புக்குப் பாட்டு இல்லை. அங்கிருந்த பிள்ளைகள் பாடசாலையில் அவரிடம் சங்கீதம் படித்தார்கள். 1945இன் இலவசக் கல்வி அந்த வாசலைத் திறந்து வைத்திருந்தது. பாடசாலை மேடையில் பாடிய அதே பிள்ளைக்குக் கோயில் பட்டியலில் இடமிருக்கவில்லை. இதைப் பற்றிக் கேட்டபோது அவர் சுற்றி வளைக்கவில்லை. "அப்ப அது எங்களுக்குப் பிழையாத் தெரியேல்லை. தெரிஞ்சிருக்க வேணும்" என்றார். அவருடைய பழைய மாணவர்களில் சிலர் இந்தப் பகுதியை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதாவிட்டால், இடப்பெயர்வு இந்த ஊருக்கு என்ன செய்தது என்பதில் பாதி விளங்காமல் போய்விடும்.

மண் இல்லாத ஊர்

1990இல் ஊர் சிதறியது. உறவினர் வீடுகளுக்குப் போகக்கூடியவர்கள் போனார்கள். மற்றவர்கள் மல்லாகம், சுன்னாகம் பகுதிகளின் நலன்புரி முகாம்களில் தங்கினார்கள். பாடசாலையும் இடம்பெயர்ந்து வேறொரு பாடசாலையின் கட்டடத்தில் பிற்பகல் வேளையில் நடந்தது. ஆசிரியையின் சம்பளப் பட்டியலில் பாடசாலையின் பெயர் மாறவில்லை. அந்தப் பெயருக்குரிய நிலத்தை மாத்திரம் பார்க்க முடியாது. குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பற்றரிகள் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. வானொலி கேட்பதற்குச் சைக்கிளின் டைனமோவைச் சுற்றிய காலம் அது. கையால் அமுக்கும் சுருதிப்பெட்டிக்கு மின்சாரமோ பற்றரியோ தேவைப்படவில்லை. குப்பிவிளக்கு வெளிச்சத்தில் கொப்பியைப் பார்த்து எழுதுவது கடினம் என்பதால், எழுதிப் படிப்பிப்பதை விட்டுக் கேட்டுப் பாடும் முறைக்கு அவர் மாறினார். வர்ணத்தையும் கீர்த்தனையையும் குறைத்தார். சரளி வரிசை, அலங்காரம், அதன்பின் நேரே திருமுறை என்ற குறுக்குவழி அப்போது உருவானது. சங்கீதக்காரர் ஒருவர் இதைக் குறையாகவே சொல்வார். குரல் பண்படுமுன் பதிகத்துக்குப் போவது நல்ல பாடமுறை இல்லைதான். ஆனால் முகாமில் இருந்த பிள்ளை அடுத்த தவணைக்கு எங்கே இருக்கும் என்பது எவருக்கும் தெரியாதிருந்தது.

அந்த மார்கழியில் தங்க இடம் கொடுத்த ஊரின் கோயில் மண்டபத்தில், அந்த ஊராரின் பூசை முடிந்த பிறகு, இடம்பெயர்ந்தோரின் திருவெம்பாவை நடந்தது. ஒழுங்கைகள் இல்லை, ஒழுங்கைகளின் பாட்டுகள் இருந்தன. முகாமில் எந்தக் கொட்டிலில் யார் இருக்கிறார் என்பதை அறிய, பாட்டுப் பட்டியலே ஒருவகைப் பதிவேடாகப் பயன்பட்டது. ஏழாம் பாட்டுக்காரர் வரவில்லை என்றால் அந்த ஒழுங்கைக் குடும்பங்கள் எங்கே போயின என்று விசாரணை தொடங்கும். ஒரு குடும்பம் வன்னிக்குப் போய்விட்டது, இன்னொன்று கொழும்புக்குப் போய்விட்டது என்ற செய்திகள் அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தன. தெற்கு ஓரத்துப் பிள்ளைகளின் பெயர்கள் பட்டியலில் முதன்முறையாகத் தோன்றுவதும் இந்த ஆண்டுகளில்தான். வெற்றிடங்களை நிரப்பக் குரல்கள் தேவைப்பட்டன, மண்டபமும் வேறொருவருடையது. மனமாற்றம் எவ்வளவு, தேவை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். தேவையின் பங்கே பெரிது என்று நான் நினைக்கிறேன். இருந்தும், ஒருமுறை கொடுத்த பாட்டைப் பின்னர் எவரும் திருப்பி வாங்கவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது இந்த ஏற்பாடு முறிந்தது. அந்த மார்கழிக்குக் கொப்பியில் ஒரு வரியும் இல்லை. அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில் மக்களில் ஒரு பகுதியினர் வலிகாமத்துக்குத் திரும்பினர். மற்றொரு பகுதியினர் வன்னிக்கும், அங்கிருந்து நாட்டுக்கு வெளியேயும் போனார்கள். இதன் பிறகு வரும் பட்டியல்களில் பல பாடல்களுக்கு எதிரே பெயருக்குப் பதிலாக நாட்டின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

இளைப்பாறிய பின்

60 வயதில் அவர் இளைப்பாறியபோது போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டு, கூரையும் கதவுகளும் இல்லாத வீடுகளைப் பற்றைக்காட்டிலிருந்து மக்கள் மீட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருந்தும், அவர் ஓய்வூதியத்தோடு ஊருக்குத் திரும்பினார். அரசாங்கப் பதவி முடிந்ததும் அவருடைய வேலைநாள் நீண்டது என்பது ஆச்சரியமில்லை. திரும்பிய குடும்பங்கள் குறைவு. பாடசாலையில் பிள்ளைகள் குறைவு. பிள்ளைகள் குறைந்த பாடசாலைக்குச் சங்கீத ஆசிரியர் நியமனம் கிடைப்பது அரிது. ஆகவே அறநெறிப் பாடசாலையில் ஞாயிறு தோறும் பண்ணிசை வகுப்பும், சனசமூக நிலையத்தில் மாலை வகுப்பும் அவரிடமே வந்து சேர்ந்தன.

இவற்றைவிட அதிகம் பேசப்படாத இன்னொரு வேலையும் அவரிடம் வந்தது. யாழ்ப்பாணத்துச் சைவ இறுதிக் கிரியையில் திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிக்கும் சடங்கு உண்டு. அதைப் பிழையின்றிப் பாடுபவர்கள் ஊரில் அருகிவிட்டதால், செத்தவீடு என்றால் முதல் தொலைபேசி அழைப்புகளில் ஒன்று ஆசிரியைக்குப் போகிறது. அந்தியேட்டியின்போது வழங்கப்படும் கல்வெட்டு என்னும் நினைவு மலருக்குத் திருமுறைப் பாடல்களைத் தெரிந்து கொடுப்பதும் அவரே. இறந்தவர் எந்த ஒழுங்கை, அந்த ஒழுங்கையின் பாட்டு எது என்று பார்த்து அதையும் மலரில் சேர்த்துவிடுகிறார். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இறந்துபோனவர்களின் மலர்களிலும் இந்தப் பாட்டு இடம்பெறுவதைக் காணலாம். இந்த மலர்களை வெறும் சடங்குப் பொருளாகக் கருதுவோர் உண்டு. குடும்பக் கொடி, ஊர், தொழில், இடப்பெயர்வு என்று ஊர்களின் வரலாற்றில் எழுதப்படாத பகுதிகள் அவற்றில்தான் கிடக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் அவற்றைத் தேடிச் சேர்ப்பதற்கும் அதுவே காரணம்.

2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையவழி வகுப்பு தொடங்கியது. கோடையில் ரொறன்ரோவின் நேரம் இலங்கைக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்தங்கியிருப்பதால், அங்கே மாலை வகுப்பு என்றால் இங்கே அதிகாலை. இணையத்தில் ஒலி பிந்தி வருவதால் சேர்ந்து பாட முடியாது. ஆசிரியை பாட, பிள்ளை கேட்டுத் திருப்பிப் பாட, அவர் திருத்துவார். முகாமில் குப்பிவிளக்கின் அருகே கைக்கொண்ட கேட்டுப் பாடும் முறை இங்கே அப்படியே பொருந்தியது. பேரப்பிள்ளை வயதுச் சிறுவர்கள் அவரை "ரீச்சர் அம்மம்மா" என்று அழைக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோரையோ அவர் இன்னும் "பிள்ளை", "ராசா" என்றுதான் கூப்பிடுகிறார். ஐம்பது வயது தாண்டிய ஒரு கணக்காளர் தம் பாட்டைப் பிழையாகப் பாடியதற்காக மகளுக்கு முன்னாலேயே திட்டு வாங்கியிருக்கிறார்.

ஏற்பாட்டின் குறைகள்

இவ்வளவையும் வைத்து இந்த உறவைக் குறையற்றது என்று சொல்லிவிட முடியாது. முதற்குறை பணம் பற்றியது. வெளிநாட்டு ஊர்ச் சங்கங்கள் கோயில் கோபுரத்துக்கும் மதிலுக்கும் தாராளமாகக் கொடுக்கின்றன. ஒரு சங்கீத ஆசிரியரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் கூட்டக் குறிப்பிலேயே இருக்கிறது. கோபுரத்தில் பெயர் பொறிக்கலாம், வகுப்பில் பொறிக்க முடியாது என்று பழைய மாணவர் ஒருவர் சொன்னது கடுமையானதுதான். ஆனால் கணக்கு அறிக்கைகள் அவருக்கே சார்பாக இருக்கின்றன. ஆசிரியை கட்டணம் வாங்காமல் படிப்பிப்பதும் இதற்கு ஒரு காரணம். இலவசமாக நடந்து கொண்டிருக்கும் வேலைக்குச் சம்பளம் ஒதுக்க எந்தச் சங்கமும் அவசரப்படாது. அவருடைய தாராளம் அவருக்குப் பின் வருபவரின் வருமானத்தை முன்கூட்டியே அழித்துவிடுகிறது என்பதை அவரிடம் சொன்னபோது, அவர் அதை மறுக்கவும் இல்லை, வகுப்புக்குக் கட்டணம் வைக்கவும் இல்லை.

இரண்டாவது, வாரிசு பற்றியது. பாட்டைப் பிரித்துக் கொடுத்தவர், பிரித்துக் கொடுக்கும் வேலையை எவரிடமும் கொடுக்கவில்லை. யாருக்கு எந்தச் சுருதி, எந்த வீட்டில் அடுத்த குரல் இருக்கிறது, எந்தக் குடும்பத்தைக் கேட்டால் சச்சரவு வரும் என்பதெல்லாம் அவருடைய நினைவிலும் கொப்பிகளின் ஓரக்குறிப்புகளிலும் மாத்திரம் இருக்கின்றன. கொப்பிகளை எண்ணிமப் படங்களாக்கி வைக்கலாம் என்ற யோசனைக்கு அவர் நீண்டகாலம் இணங்கவில்லை. "மூச்சுப் போதாது", "தாளம் ஓடும்" என்றெல்லாம் எழுதப்பட்ட பிள்ளைகள் இன்று பேரப்பிள்ளை கண்டவர்கள் என்பதே அவர் சொன்ன காரணம். அது நியாயமான காரணமும்கூட. கடைசியில், பட்டியல் பக்கங்களை மாத்திரம் படமெடுக்க ஒப்புக்கொண்டார். பாடசாலையில் அவரிடம் படித்து, இப்போது வேறொரு கோட்டத்தில் சங்கீத ஆசிரியையாக இருக்கும் ஒருவர் விடுமுறை நாட்களில் வந்து பட்டியலைப் பழகி வருகிறார். தெற்கு ஓரத்துக் குடியிருப்பைச் சேர்ந்தவர் அவர்.

இப்போது ஊரில் நடக்கும் விவாதம், ஆள் திரும்பாத ஒழுங்கைகளின் பாட்டுகளைப் பற்றியது. இரண்டு ஒழுங்கைகளில் எந்த வீட்டிலும் விளக்கு இல்லை. உரித்தாளர்கள் அனைவரும் கடல் கடந்தவர்கள். அவர்களுடைய குரலைப் பதிவுசெய்து அனுப்புவதாகவும், பூசையில் அந்தப் பதிவை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிடலாம் என்றும் வெளிநாட்டுச் சங்கம் கேட்டது. ஆசிரியை இதற்கு உடன்படவில்லை. பாடுபவர் தீபாராதனைக்கு முன்னால் நிற்க வேண்டும், நிற்க முடியாதவர் தம் பாட்டை நிற்பவரிடம் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. சங்கத்தின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது: பாட்டைக் கைவிட்ட குடும்பம் அடுத்த தலைமுறையில் ஊரையும் கைவிட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். பரிபாலன சபை இடைவழி ஒன்றை ஏற்றிருக்கிறது. அதன்படி, பாட்டு அந்த ஒழுங்கையின் பெயரிலேயே பட்டியலில் இருக்கும். ஊரில் உள்ள ஒரு பிள்ளை அதைப் பாடும். பாடுமுன் உரிய குடும்பத்தில் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டு அனுமதி பெறுவது அந்தப் பிள்ளையின் பொறுப்பு. முதல் அழைப்பை எடுத்த மொன்றியல் குடும்பம், தங்கள் பாட்டு ஒன்பதாவதா பதினோராவதா என்று ஆசிரியையிடமே கேட்டுத் தெரிந்துகொண்டது.